ஈட்டிக்கட்டையும் என் பொய்யும்

“அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியும்தானே?” என்று மகள் கேட்டபோது, “ஓம், நான் பருத்தித்துறை ஆளல்லோ” என்று கூசாமல் பொய் சொன்னேன். கடற்கரையில் வளர்ந்தும் எனக்கு நீச்சல் வராது. ஒஸ்லோவில் ஒரு நீச்சல் குளத்தில் நடந்த கயாக் படகுப் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் பதிந்துவிட்டாள்.

பயிற்சியாளர் கிரீன்லாந்துப் பெண். கவிழ்ந்த படகை, அதற்குள் இருந்தபடியே, துடுப்பே இல்லாமல், அவர்களின் வேட்டைக்காரர் ஈட்டி எறிய வைத்திருக்கும் முழ நீளக் கட்டையால் நிமிர்த்திக் காட்டினார். என் முறை வந்தது. தலைகீழானதும் கட்டையை விட்டுவிட்டு, பக்கத்தில் தண்ணீருக்குள் நின்ற அவருடைய கையைக் கட்டிப்பிடித்தேன். என்னைத் தூக்கி நிமிர்த்தியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகள் கரையில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் என் காதருகே குனிந்து, நோர்வேஜிய மொழியில் மெல்லச் சொன்னார்: “எங்கள் வேட்டைக்காரர் பலருக்கும் நீந்தத் தெரியாது. அதனால்தான் இதைப் பழகினார்கள். நான் பிடித்திருக்கிறேன். தலையை மட்டும் கடைசியாகத் தூக்குங்கள்.”

எட்டாவது தடவை, கட்டையால் தண்ணீரை அழுத்தி நானே நிமிர்ந்தேன். மூச்சு வாங்க மகளிடம், “பிள்ளை, எனக்கு நீந்தத் தெரியாது” என்றேன்.

“தெரியும் அப்பா. அம்மா எப்பவோ சொல்லிட்டா. அதாலதான் கடலிலை பதியாமல் இஞ்சை பதிஞ்சனான்.”

என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பயிற்சியாளரையும் மகளையும் நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.