கதவுக்கு முட்டுக் கொடுத்த விண்கல்

“பெயர்: தெரியாது. கிடைத்த இடம்: பாலைவனம். கிடைத்த நாள்: ஒரு வெள்ளிக்கிழமை.”

பெங்களூர் பிரேசர் டவுனில் கல்லறைக் கற்கள் செதுக்குபவருக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது. பல வருடங்களாக டைரி எழுதுகிறேன். இவ்வளவு மோசமான பதிவை வேறெங்கும் எழுதியதில்லை.

கல் என் அக்காவுடையது. வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கிணற்று முகாமில் நர்ஸாக இருந்தபோது, விடுமுறை நாளில் நடக்கப் போய் மணலிலிருந்து எடுத்து வந்தது. தேங்காய் அளவுதான், தூக்கினால் கை இறங்கும். அவள் பெங்களூர் திரும்பியதிலிருந்து மாமா கேலியை விடவில்லை. “எல்லாரும் தங்கம் கொண்டாந்தாங்க, என் பொண்டாட்டி இரும்புப் பட்டறைக் கசடு கொண்டாந்திருக்கா.” அக்காவும் சிரித்துக்கொண்டே அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். போன வருடம் வீடு மாறும்போது, “இதைத் தூக்கிப் போட்டுடவாடா?” என்று கேட்டாள். அப்போது சிரிக்கவில்லை.

அது விண்கல்லாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்; அறுத்தால்தான் உண்மை தெரியும் என்று படித்திருந்தேன். கசடாக இருந்தால் மாமாவின் கேலி ஆயுளுக்கும் நிலைத்துவிடும். நல்ல கல்லாக இருந்து அறுப்பவர் அவசரப்பட்டால் உள்ளே உள்ளது உதிர்ந்துவிடும்.

“தேதி எழுதித் தராம கல்லுல கை வைக்க மாட்டேன் சார். எங்கப்பா காலத்துப் பழக்கம்,” என்றார் கல் செதுக்குபவர். “எங்கிட்ட வர்ற கல்லெல்லாம் போனவங்களுக்கு. இது மேலேருந்து வந்ததுங்கிறீங்க. வந்த தேதி இல்லியா?”

“விழுந்த தேதி யாருக்குத் தெரியும்? நான் எடுத்தது வெள்ளிக்கிழமை,” என்றாள் அக்கா. “அன்னிக்கு மட்டும்தான் லீவு.”

“போதும் மேடம். அதை எழுதுங்க.”

மூன்று மதியங்கள் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்து, நிறுத்தி நிறுத்தி அறுத்தார். தோசை கனத்தில் ஒரு வில்லை வந்தது. துடைத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். வெள்ளியாய் மின்னும் இரும்புக்குள் நல்லெண்ணெய் நிறத்தில் படிகங்கள். ஒளி அவற்றினூடே வந்து அவள் முகத்தில் விழுந்தது.

மாமா வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “இனிமே கதவுக்கு என்ன பண்றது?” என்றார்.

“நீங்க போய் நில்லுங்க,” என்றாள் அக்கா.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஜியாலஜி பேராசிரியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். கல்லும் இரும்பும் கலந்த விண்கல், மிக அரிய வகை என்றார். நான் எத்தனையோ புத்தகங்களில் தேடியதை கல் செதுக்குபவரின் பொறுமை தேடிக் கொடுத்தது. அவருக்கு நன்றி சொல்லப் போனபோது சீட்டைத் திருப்பிக் கேட்டேன். அவர் தரவில்லை; மற்ற சீட்டுகளோடு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். கைப்படப் பிரதி எடுத்து டைரியில் ஒட்டிக்கொண்டேன்.

கல்லை எடுத்தது ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்று அக்கா இப்போது சொல்கிறாள். எந்த வருடம் என்பதில் அவளுக்கே இரண்டு நினைவு. ஆகவே, கிடைத்த நாள்: இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.