சனிக்கிழமை எண்ணெயும் பழங்காலத்துப் புல்லும்

எங்கள் தொழிலில் மண் பொய் சொல்லாது. அதைத் தூக்கிச் சுமக்கிற நான்தான் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாததை எடைபோட்டுக் கஞ்சி குடிக்கும் சக ஜீவன்களே, நீங்களாவது என்னை நம்புங்கள்.

எந்த மாட்டுக்கு?

மரக்காணத்துக் கழுவெளிச் சதுப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சேற்றுக்குள் குழாய் இறக்கினோம். ஆராய்ச்சி கோட்டக்குப்பத்து ஜமீலாவுடையது, நான் உதவியாள். பட்டம் வருமுன்பே "டாக்டரம்மா" என்று கூப்பிடுவேன். "இன்னும் ஆகல ஐயா" என்பாள். குழாய் இறங்க இறங்க எனக்குக் கண் சொக்கியது. அடியில் யாரோ மாடு ஓட்டிப் போகிற மணிச்சத்தம் கேட்டது. உருவியபோது அடிச்சேற்றிலிருந்து ராஜா காலத்துக் கொசு ஒன்று பறந்து வந்து என் காதைக் கடித்தது. தடிப்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பக்கத்தில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த தனலட்சுமி, என்னத்தைத் தேடுகிறோம் என்று விசாரித்தாள். இலைமேல் இருக்கும் மெழுகு சேற்றில் அழியாமல் கிடக்கும், அதிலுள்ள கார்பனை வைத்து பழங்காலத்தில் இங்கே என்ன மாதிரிப் புல்லும் மரமும் வளர்ந்தன என்று சொல்லலாம் என்றாள் ஜமீலா. தனலட்சுமி வாயில் கவ்வியிருந்த பறிக்கூடையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் காலத்துப் புல்லத் தெரிஞ்சிக்கினு, அத்த எந்த மாட்டுக்குப் போடப் போறீங்க?"

என் ரேகை

திண்டிவனத்தில் வாடகை அறை ஒன்றில் குழாயைப் பிளந்து சேற்றைத் துண்டு போட்டோம். ஜமீலாவின் சட்டம் கடுமை: பிளாஸ்டிக் படக்கூடாது, அடுப்பில் சுட்ட அலுமினியத் தாளில்தான் மடிக்கவேண்டும், கையுறை கழற்றக்கூடாது, தலைக்கு எண்ணெய் கூடவே கூடாது. நானோ விவரம் தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பவன். அன்றைக்குச் சனி.

கையுறைக்குள் வேர்த்தது. கழற்றினேன், தலையைச் சொறிந்தேன், அதே விரலால் அடித்துண்டை அழுத்தி மடித்தேன். என் ரேகை அழகாகப் பதிந்தது. அந்த ஆழத்திலிருந்து கிடைத்தது அது ஒன்றே. மழையில் கழுவெளி நிரம்பிவிட்டது, இனி இறங்க வழியில்லை. அந்தப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்த ஜமீலா சொன்னாள்: "அந்தத் துண்டுதான் ஐயா என் பட்டமே. பாத்து மடிங்க."

மிச்ச மீன்

கார்பனை நிறுக்கும் இயந்திரம் வெளியூரில். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வழியாகப் பேருந்தில் போனோம். சன்னலுக்கு வெளியே கரும்பும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் மாறிமாறி ஓடின. கார்பனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. கரும்பிலும் கேப்பையிலும் கனமானது ஒரு நூல் கூடுதல். நெல்லிலும் மல்லாட்டையிலும் எள்ளிலும் குறைச்சல். என் நல்லெண்ணெய் கலந்தால் பழைய புல்லின் எடையே கவிழ்ந்துவிடும். பெட்டிக்குள் அந்தப் புல் குறட்டை விடுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சொல்லிவிடலாம் என்று முண்டியம்பாக்கம் வரை வாயைத் திறந்து திறந்து மூடினேன். அப்போதுதான் கண்டக்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார்: "ஐஸ்ல வெச்ச சேறா? இன்னா பெருசு, மீன வித்துட்டு மிச்சத்த எடுத்துக்கினு போறியா?"

ஒன்றொன்றாக

இயந்திரத்துக்குள் தலைமுடி போல மெல்லிய நீளக் குழல். சேற்றிலிருந்து பிரித்த கொழுப்பெல்லாம் அதில் ஒன்றாகப் புறப்பட்டு, சிறியது முந்தியும் பெரியது பிந்தியும் வந்துசேரும். வருவதை அப்போதைக்கப்போது எரித்து, அதன் கார்பனைத் தனியாக நிறுப்பார்கள். திரையில் கோடுகள், தொடுவானத்தில் படகுகள் தெரிவதுபோல, மெல்ல மெல்ல எழுந்தன. நடுவழியில் ஒன்று திரையின் உச்சியை முட்டியது.

"இது என்ன ஐயா?" என்றாள் ஜமீலா, முகம் வெளுத்து.

"நல்லெண்ணெய்ம்மா. என் தலையோடது. அன்னிக்கி சனிக்கெழம." ஆயுளில் முதல்முறையாக ஒன்றும் கூட்டாமல் சொன்னேன்.

கோடு தரைக்கு இறங்கி, காற்றில்லாத கடல்போல நீண்டுகொண்டே போனது. நானும் அதன்மேல் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, தூரத்தில், குட்டி குட்டியாக இலைமெழுகுகள் வந்தன. கலப்பே இல்லை. எண்களை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஜமீலா என் பக்கம் திரும்பினாள்: "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு எரிச்சிருந்தா நான் காலி ஐயா. உங்க எண்ணெ தனியா முன்னாடி வந்துடுச்சு, புல்லு தனியா பின்னாடி நிக்குது. இப்பக் கூப்புடுங்க டாக்டரம்மான்னு. ஆனா இனிமே சனிக்கெழம மண்ணத் தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்!"

என் பொய்களில் ஒன்றைக்கூட இதுவரை எவரும் பிரித்தெடுத்ததில்லை; தலைக்கு வைத்த எண்ணெயில்தான், அய்யா, நான் மாட்டிக்கொண்டேன்.