ஞாயிற்றுக்கிழமை ரேஸில் நாலாவது ஆள்

நடுரோட்டில் கழிப்பு கழித்த பூசணிக்காய் கிடந்தால் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள், நான் வண்டியை அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போகிற ஆள். பன்னிரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியன். ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் நம்புவேன், வாய்வார்த்தையை நம்பமாட்டேன். நான் சொல்லப்போகிறதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்படமாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம்தான் வருகிறது. ஆனால் நடந்தது நடந்தது.

எனக்கு ஊர் பள்ளிகொண்டா. வேலை ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில், பெயர் வேண்டாம். தோல் பதனிடுகிற இடத்து வாடை இரண்டு தரம் சோப்புப் போட்டாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு ஸ்டாப் தாண்டினால் எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார். அப்படிப்பட்டவனுக்குப் புதுசாக சிநேகிதம் எங்கிருந்து வரும், சொல்லுங்கள்.

வந்தது ஒரு லேப்டாப்பால். தங்கச்சிக்கு ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது, கல்யாணமாகிப் போகும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதில் இருந்த இரண்டு சிஸ்டத்தில் விண்டோஸ் வைரஸ் ஏறிப் போய்விட்டது, லினக்ஸ் மட்டும் ஓடியது. அதுவும் திடீரென்று திரை கறுப்பாக நின்றுவிட, ஆன்லைனில் ஒரு தமிழ் லினக்ஸ் குழுவில் கேட்டேன். வாலாஜாபேட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிற தினேஷ் என்பவன் முக்கால் மணி நேரம், இதை அடி, அதை அடி என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துச் சரிபண்ணினான். முகம் தெரியாத ஆளுக்கு யார் இவ்வளவு செய்வார்கள்? கடைசியில், "ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும், ஒரு ரேஸ் வாயேன்" என்றான்.

இலவச கார் ரேஸ்தான். தினேஷ் தன் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை அதற்கு சர்வராக வைத்திருந்தான், பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மட்டும்தான் உள்ளே வர முடியும். கணியம்பாடியிலிருந்து எஸ்தர் என்று ஒரு டீச்சர் வருவார், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் லினக்ஸ் போட்டவர், ரேஸில் எப்போதும் அவர்தான் முதல். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் மூன்று பேரும் உட்கார்ந்தால் நாலு மணி வரைக்கும் ஒரே கூத்து. ஓட்டிக்கொண்டே டைப் அடித்துப் பேசுவோம், டைப் அடிக்கிற நேரத்தில் கார் சுவரில் முட்டும். வாரத்தில் நான் சிரித்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

ஒரு ஞாயிறு நாலாவதாக ஒரு கார் வந்து நின்றது. பெயர் தோஸ்த், எங்கள் பக்கம் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரையும் இடிக்காது, முந்தாது, எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வரும். தினேஷுக்குத் தெரிந்த ஆள் என்று நினைத்தேன், நான் கேட்கவில்லை. இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, "கையில சுண்ணாம்புப் புண்ணு ஆறிச்சா?" என்று அடித்தான். தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுகிற தொட்டிப் பக்கம் வேலை பார்த்தால் கையில் புண் வரும், நானே தினேஷிடம் சொல்லியிருப்பேன் போல என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு, இரண்டாவது சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது தோஸ்த் அடித்தான்.

"நாளைக்கு மூணாம் தொட்டி மோட்டார் நிக்கும். உன்னை இறங்கச் சொல்வான். இறங்காத."

எங்கள் கம்பெனியில் கழிவுத் தண்ணீர் சேருகிற தொட்டி நாலு இருக்கிறது, நம்பரோடு நான் யாரிடமும் சொன்னதில்லை, நம்பினால் நம்புங்கள். "நீ எங்க கம்பெனியா? யாரு?" என்று கேட்டேன். அந்தக் கார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்தான்.

"வேலு, மூணாம் தொட்டி மோட்டார்ல இன்னாவோ சுத்திக்கிச்சு. இறங்கி எடுத்துட்டு வா. அஞ்சு நிமிஷ வேலை."

முந்தின நாள் படித்தது ஞாபகம் வந்து பயந்துபோனேன். அது வெளியே கோபமாகத்தான் வந்தது. "மாஸ்க் இன்னா ஆச்சு சார்? விஷ கேஸ் போகக் காத்தடிக்கிற ப்ளோயர் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு?"

"வரும், வரும். ஜாஸ்தி பேசாத. மேல ஆபீஸ்ல என்னைக் கேக்கறாங்க."

"வரட்டும், அப்ப இறங்கறேன்."

"நீ இல்லன்னா ஆளே இல்லையா? பழனி! இங்க வா."

பழனி தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் செக்‌ஷனில் வேலை செய்கிறவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். யார் என்ன சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

"பழனிண்ணா, வேணாம்ணா. இன்னிக்கு இறங்காத."

"இன்னாப்பா பயம்? நான் எத்தனை தபா இறங்கிருக்கேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நேற்று ஒருத்தன் இந்தத் தொட்டியைச் சொன்னான், இந்த மோட்டாரைச் சொன்னான் என்று சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னது என்று கேட்டால் கம்ப்யூட்டர் கேமில் ஒரு கார் என்று சொல்ல வேண்டுமே, பக்கத்தில் பத்துப் பேர் நிற்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏணியில் நாலு படிதான் இறங்கினார். ஐந்தாவது படிக்குக் கால் வைத்தவர் கையை விட்டுவிட்டார். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கயிறு கட்டி மேலே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்தேன், நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் கம்பெனியில், பழனி யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினார் என்று எழுதிவிட்டார்கள். இல்லை, அனுப்பினார்கள் என்று நான் போலீசில் சொன்னேன். மறுநாள் காலை கேட்டில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான், வேலை போயிற்று.

வீட்டில் அம்மா, "நம்மூரு ரெங்கநாதர்தான் உன்னைக் காப்பாத்துனாரு" என்று சூடம் ஏற்றினாள். "அப்ப பழனிக்கு எவனும் இல்லையா?" என்று கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

அடுத்த ஞாயிறு லேப்டாப்பைத் திறந்தேன். நாலாவது கார் நின்றுகொண்டிருந்தது. ரேஸ் ஆரம்பித்ததும் நான் ஓட்டவே இல்லை, அடித்தேன்.

"டேய், யார்றா நீ? எனக்குச் சொன்னவன் அவருக்கு ஏன்டா சொல்லல?"

தோஸ்த்தின் கார் நடு டிராக்கில் நின்றது.

"சொன்னேன்."

"எப்போ?"

"தினமும் சொன்னேன். அவனுக்குக் கேக்கல."

தினேஷ் குறுக்கே வந்தான். "வேலு, இன்னா நடக்குது? உன் தோஸ்த்தை நீயே ஏன் திட்ற?"

"என் தோஸ்த்தா? உன் ஆளுதானே?"

"எனக்கு யாருன்னே தெரியாதுப்பா. டீச்சர், நீங்க பாஸ்வேர்டு குடுத்தீங்களா?"

"இல்ல தம்பி. உங்க ரெண்டு பேர்ல யாருக்கோ வேண்டியவர்னு நெனச்சேன்" என்றார் எஸ்தர் டீச்சர்.

அதைப் படித்துவிட்டு டிராக்கைப் பார்க்கிறேன், மூன்று கார்தான் இருக்கிறது.

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு வாலாஜாபேட்டை போனேன். தினேஷை நேரில் பார்த்தது அன்றுதான், ஒல்லியாக, கண்ணாடி போட்டு, ஒரு நொண்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கைகூடக் குலுக்கவில்லை, வா என்று திரையைத் திருப்பிக் காட்டினான். யார் எப்போது உள்ளே வந்தார்கள், போனார்கள், என்ன பேசினார்கள் என்று எல்லாவற்றையும் சர்வர் தானாகவே ஒரு ஃபைலில் எழுதிவைக்குமாம். எங்கள் மூன்று பேர் பெயரும் வந்ததும் போனதும் நேரத்தோடு இருந்தது. தோஸ்த் வந்ததற்கும் பதிவு இல்லை, போனதற்கும் இல்லை. பேசியது மட்டும் இருந்தது.

அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. செவ்வாய், புதன், வெள்ளி என்று எல்லா நாளும், பட்டப்பகலில், சர்வரில் ஒரு ஆள்கூட இல்லாத நேரத்தில், வரிசையாக.

"பழனி, வேணாம்."

"பழனி, இறங்காத."

"பழனி, கேக்குதா?"

பக்கம் பக்கமாக. அவன் முதல் தடவை வந்த நாளிலிருந்து பழனி செத்த அன்று காலை வரைக்கும். என்னை இறங்காதே என்றது ஒரே ஒரு தடவைதான். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், படித்தேன். அந்த மனுஷன் வீட்டில் லேப்டாப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது, பட்டன் போன் ஒன்று வைத்திருந்தார்.

"பேஜாராகுதுப்பா, அணைச்சிடட்டா?" என்று தினேஷ் கேட்டான். எஸ்தர் டீச்சருக்குப் போன் போட்டோம். எல்லா வரியையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "அணைச்சிட்டா அது வேற எங்க போய்ச் சொல்லும்?" என்றார். விட்டுவிட்டோம். ஃபைலின் கடைசி வரை போய்ப் பார்த்தோம். பழனியை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து பெயர் மாறியிருந்தது.

"சேகர், வேணாம்."

எங்கள் கம்பெனியில் மூன்று சேகர். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று மூன்று பேரிடமும் சொன்னேன். இந்தத் தடவை வெட்கப்படவில்லை, கேம், கார், தோஸ்த் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தன் சிரித்தான். ஒருத்தன், "வேலை போனதுல மூளை கலங்கிடுச்சா வேலு?" என்றான். மூன்றாவது ஆள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கம்பெனிகளின் கேட்டிலும் போய் நின்றேன், துரத்தினார்கள். இந்தப் பாலாற்றங்கரையில் எத்தனை கம்பெனி, எத்தனை தொட்டி, எத்தனை சேகர் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். முழுப் பெயரைச் சொன்னால் என்ன அந்த தோஸ்த்துக்கு? ஊரைச் சொன்னால் என்ன? இவ்வளவு தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

இப்போது ராணிப்பேட்டையில் வேறு வேலை பார்க்கிறேன். போன வியாழக்கிழமை மத்தியானம் தினேஷ் போன் பண்ணினான்.

"வேலு, ரெண்டு நாளா அந்தப் பேரு வரல."

பழனி பெயர் வருவது நின்றது அவர் செத்த அன்றுதான், உடனே மூன்று சேகருக்கும் போன் போட்டேன். மூன்று பேரும் எடுத்தார்கள், மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.