கீழே வெட்டிய ஒன்பது கடிதங்கள்

சுவிஸின் பாடன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் கஜலக்சுமி பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே ஒரு காலுறைகூடப் பெயரில்லாமல் இயந்திரத்துக்குள் போகாது. புதிதாக யாராவது வந்து சேர்ந்தால், உள்ளாடை முதல் குளிர்ச்சட்டை வரை பெயர் அச்சிட்ட துணித்துண்டைச் சூடு வைத்து ஒட்டுவது அவள் பொறுப்பு. எண்பது பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய பெயரைத்தான் அவர்கள் 'லக்சுமி' என்று பாதியாக்கி வைத்திருக்கிறார்கள், அதை அவள் பொருட்படுத்துவதில்லை.

வெள்ளம் வருமுன் அணை கட்டுகிற பெண் அவள். ரயிலுக்கு அரை மணி முந்திப் போவாள். பையில் குடை ஒன்று இருக்க, கையில் இன்னொன்று வைத்திருப்பாள். மகள் மதுஜா சிரிப்பாள். அந்த முன்யோசனைதான் கஜலக்சுமியின் குடியைக் கெடுத்தது என்று நான் சொன்னால் அவளே மறுக்கமாட்டாள்.

மகன் தயாபரன் பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனான். போனவர்களுக்கு அங்கே வேறு பெயர் வைப்பார்கள். அவனுக்கு வைத்தது நிலவன். முகாமிலிருந்து யாராவது அவர்கள் ஊரான வட்டக்கச்சிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவான். ஒரு வருடத்தில் ஒன்பது கடிதம். சண்டைக்கதை தேடி அவற்றைப் படிப்பவர் ஏமாந்துதான் போவார்.

'அம்மா, இண்டைக்குச் சமையல் முறை எனக்கு. நாப்பது பேருக்குப் பருப்பு வைச்சன். உப்பை ரெண்டு தரம் போட்டிட்டன். ஒருத்தரும் பேசேல்லை, எல்லாரும் தண்ணி குடிச்சுக்கொண்டு திரிஞ்சவங்கள்.'

'சென்றியிலை காவலுக்கு நிக்கேக்கை நுளம்புதான் பெரிய எதிரி.'

'எல்லாற்றை சேட்டும் ஒரே மாதிரி, தோய்ச்சுக் காயப்போட்டால் மாறிப்போகுது. கொலருக்குள்ளை நீல நூலாலை மூண்டு தையல் போட்டிருக்கிறன். நீங்கள் தையல் பழக்கினது உதவுது.'

2006இன் தொடக்கத்தில், பாடனில் இருந்த கணவர் எடுத்த விசா கஜலக்சுமிக்கும் பத்து வயது மதுஜாவுக்கும் வந்தது. மகன் வரமாட்டான். தாயும் மகளும் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொழும்புக்குப் போகவேண்டும். அங்கே ஆமி பையைக் கொட்டிப் பார்க்கும். கடிதம் அகப்பட்டால் இருவரும் உள்ளேதான். எரித்துவிடு என்று அயலில் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு சவர பிளேட்டை எடுத்து, ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவன் எழுதியிருந்த இயக்கப்பெயரையும் முகாமின் பெயரையும் திகதியையும் வெட்டி அடுப்பில் போட்டாள். மிச்சத்தைப் பொலித்தீனில் சுற்றி வறுத்த அரிசிமாவுக்குள் புதைத்தாள். ஆமிக்காரன் மாவுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தான். கம்பியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. போகச் சொன்னான்.

அதோடு நின்றாளா? வாய்தவறி வந்துவிடக் கூடாதென்று முகாமின் பெயரை மனதிலிருந்தும் துடைத்தாள். அதுவும் சொல்வழி கேட்டுப் போய்விட்டது.

2009இல் சண்டை முடிந்தது, மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு கணவரும் போய்ச் சேர்ந்தார். கடிதங்களின் அடி ஏன் இப்படி என்று மதுஜா கேட்டபோது, ஆமி வெட்டியது என்றாள் தாய். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சென்ற வருடம் ஜெனீவாவில், காணாமல் போனோர் விபரம் சேர்க்கும் ஓர் அலுவலகத்தின் பட்டியலில் மதுஜா ஒரு வரியைக் கண்டாள். சுவிஸிலேயே ஷாஃப்ஹவுசன் நகரில் இருந்த தம்பிராசா என்பவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். போரின் கடைசி நாளில் நிலவன் என்ற போராளி சரணடைந்து, ஆமியின் பஸ்ஸில் உயிரோடு ஏறியதைக் கண்ணால் கண்டாராம். அவரைத் தேடிப் போவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் சொல்லிவிட்டுப் போன நிலவன் தயாபரன்தான் என்று காட்டவேண்டும். காட்டினால், ஏற்றிக்கொண்டு போன பிள்ளை எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

தாயும் மகளும் கடிதங்களோடு அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் நல்லவள். மதுஜா மொழிபெயர்த்தாள்.

"நிலவன் எண்ட பேரிலை மூண்டு தாய்மார் பிள்ளையைத் தேடுகினமாம் அம்மா. தம்பிராசா முகாமின்ரை பேரும் சொல்லியிருக்கிறார். அதை இவையள் எங்களுக்குச் சொல்லக்கூடாதாம், நாங்கள்தான் காட்டோணுமாம். கடிதத்திலை இருந்தால் போதுமாம்."

கடிதங்களைப் புரட்டிய பெண், வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்து ஏதோ கேட்டாள். மதுஜா தானாகவே பதில் சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

"என்ன எழுதுறா?"

"ஆமி வெட்டினதெண்டால் அதுவும் ஒரு சான்றாம். எந்தச் சாவடி, எந்த நாள் எண்டு கேக்கிறா."

மகனுடைய விடயத்தில் ஒரு பொய் மையில் ஏறுவதைக் கஜலக்சுமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை, எழுத வேண்டாமெண்டு சொல்லு. நான்தான் வெட்டினனான்."

"நீங்களோ? அண்ணாவின்ரை பேரையோ?"

"அடுப்பிலை போட்டனான். உன்னைக் கொண்டுவரோணுமே."

மதுஜா மேசையில் கிடந்த கடிதத்தின் வெட்டிய ஓரத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் மொழிபெயர்த்தாள். பெண் பேனாவை வைத்துவிட்டு, முகாமின் பெயர் நினைவில் இருக்கிறதா, முதல் எழுத்தாவது, என்று கேட்டாள்.

கஜலக்சுமி கண்ணை மூடினாள். சலவை அறையின் ஜெர்மன் பெயர்கள் வந்தன. பிராவ் மையர், பிராவ் ஹூபர், ஹெர் கெல்லர், எண்பதும் வரிசையாக வந்தன. அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

"வரேல்லை. பெத்த எனக்கு வரேல்லை" என்று மேசையில் நெற்றியை வைத்து அழுதாள்.

அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். கடிதங்களைப் பிரதி எடுத்தாள். மதுஜா தாயின் தோளில் கையை வைத்தபடி விளங்கப்படுத்தினாள்: இனி இரண்டு கோப்பு இருக்கும். தயாபரனின் கோப்பில் தாய் இருக்கிறாள், கண்ட சாட்சி இல்லை. நிலவனின் கோப்பில் கண்ட சாட்சி இருக்கிறார், தாய் யாரென்று தெரியாது.

கஜலக்சுமி முகத்தைத் துடைத்தாள்.

"ரெண்டையும் ஒண்டுக்கு மேலை ஒண்டாய் வைக்கச் சொல்லு பிள்ளை."

மதுஜா கேட்டாள். பெண் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னாள்.

"எல்லாம் கொம்பியூட்டருக்குள்ளைதானாம், அம்மா. பேர் வரிசையிலை, வேறை வேறை இடத்திலை."