இனிஷீரில் ஐந்து சுவர்கள்

காலை 10.00. அயர்லாந்தின் மேற்குக் கரையில், டூலின் துறையில் படகு ஏறும்போதே எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. காற்று பாதிக் காரணம். எழுபது கிலோமீட்டர் தள்ளி, கால்வே நகரத்தில் என் மகள் கவிதா நிறைமாதமாக இருந்தது மீதி. மாப்பிள்ளை வேலையாக டப்ளின் போயிருந்தார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். "ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பாத்துக்கினு உக்காந்திருந்தா எனக்குத்தான் பயமா இருக்கு. எங்கயாவது போயிட்டு வாங்க" என்று என்னையும் என் வீட்டுக்காரரையும் அவளேதான் துரத்தினாள்.

10.40. இனிஷீர் தீவில் இறங்கினோம். குறுக்கே நடந்தால் மூன்று கிலோமீட்டர்தான். முந்நூறு பேர் இருந்தால் அதிகம். எங்கும் சுண்ணாம்புப் பாறை, மரமே அபூர்வம். இங்குள்ள மண்ணே மனிதர்கள் செய்தது: கடல்மணலையும் பாசியையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து பாறைமேல் கொட்டியிருக்கிறார்கள். பொறுக்கிய கல்லெல்லாம் சுவர்களாகிவிட்டன. கடற்கரையோரம் ஒரு பழைய தேவாலயம் மணலில் புதைந்து கிடக்கிறது. வருஷா வருஷம் ஊர்க்காரர்கள் மணலை அள்ளி அதை வெளியே எடுக்கிறார்கள். நடுவில் குன்று, அதன்மேல் இடிந்த கோட்டை.

குன்றைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குக் கால் பரபரத்தது. "வலப்பக்கமா வெச்சுக்கினு ஒரு சுத்து சுத்திடலாம், வா." திருவண்ணாமலைக்காரரை எங்கே கொண்டுபோய் விட்டாலும் இதுதான்.

2.30. வழியெல்லாம் நின்று பார்த்து, சாப்பிட்டு, தென்கோடியில் கலங்கரை விளக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். கடைசிப் படகு 4.30க்கு. வந்த வழியே திரும்பினால் ஒரு மணி நேரம். "பாதி சுத்திட்டு யாராவது திரும்புவாங்களா?" என்றார். திட்டினேன். ஆனால் என் காலும் திரும்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

3.35. மேற்குப் பாதை ஒரு சுவரில் போய் முடிந்தது. அப்போது போன் அடித்தது.

"அம்மா, இடுப்பு விட்டு விட்டு வலிக்குது. எப்ப வருவீங்க?"

"தோ கிளம்பிட்டோம், கண்ணு."

வந்த வழியே திரும்ப இனி நேரமில்லை; படகை விட்டால் மறுநாள் காலைதான். சுற்றிலும் தோளுயரச் சுவர்கள். ஒன்றிலும் கேட் கிடையாது. ஏறலாம் என்று கை வைத்தால் கல் ஆடியது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

பக்கத்துப் புல்வெளியில் மாடுகளோடு நின்ற ஒருவர் ஓடி வந்தார். மகள், பிரசவம், படகு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சுவரிலிருந்து கற்களை இறக்க ஆரம்பித்தார். இங்கே கேட் என்பது இதுதான்: கல்லை இறக்கி மாட்டை ஓட்டிவிட்டு, உடனே பழையபடி அடுக்கிவிடுவார்கள். நாங்கள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் அடுக்கக் குனிந்தார்.

"விடுங்க. மாட்டை அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார் அந்த மனிதர்.

ஐந்து சுவர்கள். ஐந்தையும் திறந்தபடியே விட்டுவிட்டு முன்னால் ஓடினார். 4.28க்குத் துறையில் அவர் போட்ட கூச்சலில்தான் படகுக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் நின்றார்.

மறுநாள் விடியற்காலை பேத்தி பிறந்தாள். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் அடுத்தவர் மாடு கால் வைத்தால், நான் போடும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

"தீவு எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள் கவிதா, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு.

"அத வுடுடி. அவரு மாடுங்க எல்லாம் வீடு வந்து சேந்துச்சான்னு தெரியலையே."