அரசன் தலைமாட்டுச் சுவரில் பத்துப் பட்டைகள்

போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பேராலயத்தின் சாவிகளை என் அப்பா ஸெனோன் முப்பத்தொரு ஆண்டுகள் வைத்திருந்தார். எழுநூறு ஆண்டுப் பழைய செங்கல் கட்டடம். வடக்கு மூலையில் கறுப்புக் கல்பெட்டி ஒன்றில் ஓர் அரசனும் அவன் மகனும் கிடக்கிறார்கள். பயணிகள் எல்லாம் பெயர்பெற்ற அரசர்கள் கிடக்கும் கிராக்கோ நகரத்துக்குப் போய்விடுவார்கள். தவறி வந்தவர்களிடம் அப்பா சொல்வார்: “உசிரோட இருந்தப்ப ரெண்டு பேரும் ஒரே மேசையில சாப்பிட்டதில்ல. இப்ப பாருங்க, ஒரே பெட்டி.”

இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் முதல் தேதி ஊரே தன் உறவினர் கல்லறைகளுக்கு விளக்கு கொண்டுபோகும். அரசனுக்கு ஊரில் உறவில்லை என்று அப்பா அவனுக்கும் ஒன்று ஏற்றுவார்.

நான் தலைநகர் வார்சாவில் கட்டடப் பொறியாளர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். “ஆல்டோனா, ராஜா தலைமாட்டுச் சுவர்ல விரிசல் விட்டிருக்கு. வந்து பாரேன்.”

“ஜிப்சம் குழைச்சு விரிசலுக்குக் குறுக்கே ஒரு பட்டை போடுங்கப்பா. பூச்சு மேல இல்ல, செங்கல் மேல. தேதியும் கீறி வைங்க. பட்டை உடைஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். அப்ப வர்றேன்.”

உடையவில்லை. நானும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவரே வார்சா வந்துவிடுவார். ஆண்டுக்கு ஒரு பட்டை போட்டு வந்தார்.

போன மாதம் கூப்பிட்டார். “உடைஞ்சிடுச்சும்மா.” குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கு வேலை இருந்தது. “பக்கத்துல புதுசா ஒண்ணு போட்டு ஒரு மாசம் பாருங்கப்பா” என்றேன். பதினாறாம் நாள் அவர் இதயம் நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் சுவரைப் பார்க்கப் போனேன். வாசலில் மெழுகுவத்தி விற்கும் லெயோகாடியா அத்தை, அப்பா போன பிறகு தன்னிடம் வந்த சாவியை நீட்டினார்.

“வந்துட்டியா எஞ்சினியரம்மா! அந்த ராஜாவைக்கூட இவ்வளவு நாள் யாரும் காக்க வைக்கல.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். பூச்சைச் செங்கல் வரை சுரண்டியிருந்தார். சொன்னபடியே ஆணியால் தேதிகள். முதல் எட்டும் முழுசாக இருந்தன. சுவர் நகர்ந்திருந்தால் அவையும் பிளந்திருக்கும். ஒன்பதாவது மட்டும் உடைந்திருந்தது. நகர்வில் உடைந்தால் விரிசலின் கோட்டில் மயிரிழையாகப் பிளக்கும். இதில் நடுவே குழி விழுந்து, சுற்றிலும் சில்லுகள் தெறித்திருந்தன. சுத்தியல் அடி. அப்போது சாவி அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது.

பத்தாவது பட்டையில் ஒரு கீறலும் இல்லை. ஒரு மாதம் என்று நான் சொல்லியிருந்தேன். காத்திருந்திருக்கிறார்.

அத்தை பின்னாலேயே வந்து நின்றார். “என்னடி, சுவரு நகருதா இல்லையா? உங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாரு, பொண்ணு வந்து பாப்பான்னு.”

டார்ச்சை அணைத்தேன்.

“நகருது அத்தை. அப்பா சொன்னது சரிதான். நான் அப்பவே வந்து பாத்திருக்கணும்.”