லிஃப்ட்காரரும் விக்கல் டிராகனும்

சோப்பை முழங்கை வரை தேய்த்து, நகக்கண்ணில் ஒளிந்திருக்கும் கிரீஸைப் பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்த பிறகுதான் லிஃப்ட்காரர் கைபேசியைத் தொடுவார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவர், சாப்பிடுவதற்குக் கழுவுவதைவிட இதற்கு அதிகம் கழுவுகிறார். பிறகு மனைவியின் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மேடம், பள்ளிக்கூடம் திறந்தாச்சு" என்பார்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு கொரியப் படக்கதை. வாரா வாரம் கைபேசியில் வருகிறது. மாயவித்தை கற்றுத்தரும் பள்ளி அது. எதற்கும் உதவாத வித்தை தெரிந்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரு வகுப்பில் தள்ளியிருக்கிறார்கள். ஒருவன் மழை வரவழைப்பான். அவன் தலையில் மட்டும் பெய்யும். ஒருத்தி மறைந்துபோவாள், செருப்பு மட்டும் தெரியும். தலைமையாசிரியர் ஓர் ஆமை. பள்ளி திறந்த அன்று தொடங்கிய வரவேற்புரையை அவர் இன்னும் முடிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு குட்டி டிராகன். தீ கக்கப் போனால் அதற்கு விக்கல் வந்துவிடும்.

படங்கள் பக்கம் பக்கமாக இல்லை, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. "மாடி மாடியா இறங்குது பாருங்க அக்கா. ஒவ்வொரு மாடியிலயும் கதவு தொறந்தா ஒரு கூத்து" என்று, மேடத்தைப் பகலில் கவனித்துக்கொள்ள வரும் எனக்கு விளக்கினார். இவர் பழுதுபார்க்கப் போன லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடமிருந்து இது அவருக்குத் தொற்றியது. "மாட்டிக்கிட்டவங்க அழுவாங்க, இல்ல என்னைத் திட்டுவாங்க. இந்தப் பொண்ணு தரையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்படி என்னம்மா அதுலன்னு கேட்டேன்."

ஆள் குள்ளம், தோள் அகலம். எந்த வாசலிலும் கடைசி ஆள் உள்ளே வரும்வரை கதவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். குளிர்பெட்டியைத் திறந்தாலும் அதே கதைதான். "தம்பி, அதுல யாரும் ஏறப்போறதில்ல, மூடு" என்று நான் பலமுறை சொல்லியாகிவிட்டது.

மனைவியை அவர் மேடம் என்று அழைப்பது கிண்டலுக்காக அல்ல. அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் புகார்த் தொலைபேசியை எடுத்துக்கொண்டிருந்தவர் மேடம்தான். லிஃப்ட் பழுதென்று கூப்பிடுகிறவர்களுக்கு எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாது, ஓசையைத்தான் சொல்வார்கள். "சரி, ஆளை அனுப்பறேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அதை எழுத்துப் பிசகாமல் மேடம் இவருக்குக் கடத்துவார். கறகற என்றால் எண்ணெய் வற்றிவிட்டது. கடகட என்றால் கதவின் உருளை தேய்ந்துவிட்டது. ஒருமுறை கடகடவைக் கறகற என்று கேட்டுவிட்டு, எண்ணெய்க் குப்பியோடு மேல்மாடிவரை படியேறிப் போயிருக்கிறார். "முதல்ல அந்த எண்ணெயை உங்க காதுல விடுங்க" என்று மேடம் சொன்னாராம். அப்புறம்தான் கல்யாணம்.

சில மாதங்களுக்கு முன் மேடத்தைப் பக்கவாதம் தாக்கியது. வலது கையும் காலும் சோர்ந்தன. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல். தண்ணீர் வேண்டுமா என்றால் "இல்ல" என்பார், வாங்கிக் குடிப்பார். அவரைக் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்கவைக்கவும், கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கவும் நான் பகலில் வருகிறேன். பேச்சுப் பயிற்சி தர வேறொரு பெண் வந்தார். கோப்பை, சாவி, நாற்காலி என்று பட அட்டைகளைக் காட்டினார். மேடம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அவங்களுக்கே இஷ்டமில்லாம நான் வந்து என்ன செய்ய? இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தப் பெண்.

இந்த நிலைமையில் ஒருவர் ஆமையையும் டிராகனையும் காட்டிக்கொண்டிருந்தால் எனக்கு எரிச்சல் வராதா? கேட்டேவிட்டேன்.

"லிஃப்டு மேல ஏறணும்னா அந்தப் பக்கம் எடைக்கல்லு கீழ இறங்கணும் அக்கா. இல்லாட்டி மோட்டார் திணறிடும். எனக்கு இதான் எடைக்கல்லு. அந்த வகுப்புல அத்தனை பேரும் ஃபெயிலு. மறுநாள் எல்லாரும் தலையைச் சீவிக்கிட்டு வந்துடறாங்க."

படக்கதையில் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இவருக்கு இருப்பது லிஃப்ட் கையேட்டு ஆங்கிலம். பாதி புரியும், மீதியை அவரே இட்டுக்கட்டிவிடுவார். ஓசைகளை மட்டும் கொரிய எழுத்திலேயே விட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்து அதற்கும் தமிழில் குரல் கொடுப்பார்.

அன்று டிராகன் பள்ளிக் கூரையிலிருந்து பறக்கப் பார்த்தது. விக்கல் வந்து, ஆமையார் நீந்திக்கொண்டிருந்த குளத்தில் விழுந்தது.

"தொம்முனு விழுந்தான் மேடம்."

"இல்ல."

அந்தச் சொல்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர் அடுத்த படத்துக்குத் தள்ளினார். மேடத்தின் இடக்கை நீண்டு வந்து திரையை அமுக்கிப் பிடித்தது. "இல்ல."

நான் மேடத்தின் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். நகவெட்டியை நிறுத்தினேன். நோய் வந்ததிலிருந்து அவர் வாயில் "இல்ல" என்பதற்கு இல்லை என்று பொருள் வந்தது அப்போதுதான்.

"தம்பி, திரும்பக் கேளு."

"பின்ன, பொத்துன்னா?"

"இல்ல."

"சொத்துன்னா?"

"இல்ல." முகம் கடுகடுவென்று ஆனது. உதடு குவிந்தது. "தொ" என்று வந்து நின்றது. எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்த லிஃப்ட்காரரின் முழங்காலில் நான் ஒரு தட்டுத் தட்டினேன். காத்திருந்தோம்.

"தொபு... தொபுக்கடீர்."

லிஃப்ட்காரர் சுத்தமாக இருந்த கைபேசியைச் சட்டையில் துடைத்தார். "தொபுக்கடீரா. சரி மேடம். ஆளை அனுப்பறேன்." எனக்கு இன்னும் ஒரு கால் பாக்கி இருந்தது. குனிந்து வெட்டினேன்.

ஒரு சொல் வந்தால் பேச்செல்லாம் திரும்பிவிடும் என்று நான் யாருக்கும் ஆசை காட்டுவதில்லை. தண்ணீர் என்ற சொல் வர நாளாகலாம். ஆனால் பயிற்சிக்காரப் பெண் விஷயத்தைக் கேட்டு அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டார். "அடுத்த மாசமும் வர்றேன். அந்த டிராகனை எனக்கும் காட்டுங்க" என்றார். மேடம் முகத்தைத் திருப்பவில்லை.

இப்போது லிஃப்ட்காரர் வேண்டுமென்றே தப்பாகப் படிக்கிறார். இடி சலசலவென்று இடிக்கிறது. ஆமை தடதடவென்று ஓடுகிறது. நேற்று, மறைந்துபோன பெண்ணின் செருப்புகள் மட்டும் நடைகூடத்தில் நடந்தன. "கணீர் கணீர்னு நடக்குது" என்றார், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

"இல்ல."

மேடத்தின் உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. யாரும் தொடாததால் திரையின் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. லிஃப்ட்காரர் கழுவிய கட்டைவிரலை அதன் விளிம்பில் வைத்து, அணையவிடாமல் பிடித்துக்கொண்டார்.